கழிவுநீரைப் பேணும் தொழிலும் கமக்காரரும்

கொட்டகலையிற் பெய்யும் மழை கொட்டகலையில் தங்குவதில்லை. தேயிலை மலைகளின் கான்கள் வழியே இறங்கிச் சிற்றாறுகளிற் சேர்ந்து, கொத்மலை ஓயாவில் விழுந்து, 1985ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற கொத்மலை நீர்த்தேக்கத்திலே சிறிது காலந் தங்கி, பின்னர் மகாவலி கங்கையோடு கலக்கின்றது. கம்பளையையும் பேராதனையையும் கடந்து பொல்கொல்லையை அடையும் அந்நீரின் ஒரு பகுதி, 1976ஆம் ஆண்டிலே திறக்கப்பெற்ற சுரங்கத்தின் வழியே மலையைத் துளைத்து வடக்கே திரும்பி, உலர்வலயத்தின் குளங்களையும் நெல்வயல்களையும் சென்றடைகின்றது. ஆகவே, கொட்டகலையில் ஒரு லயத்தின் பின்புறத்துக் கானில் ஊற்றப்படும் ஒரு வாளி அழுக்குநீர், கலாவெவாவின் கீழ் நாற்று நடுபவரின் காலை நனைக்கும் நீருக்கு உறவு முறையானது. இடையிலே அந்நீரை எத்தனை ஊரார் குடிக்கின்றனர், குளிக்கின்றனர், கரட் கழுவுகின்றனர் என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று.

ஆறு தன்னைத் தானே துப்புரவாக்கிக் கொள்ளும் என்று முதியோர் கூறுவர். அக்கூற்றில் உண்மை உண்டு. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணங்கிகள் நீரிலே எங்கும் வாழ்கின்றன. அவை அழுக்கை உணவாகக் கொண்டு, நீரிற் கரைந்துள்ள ஒட்சிசனைச் சுவாசித்து, அழுக்கைக் காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் தம் உடலாகவும் மாற்றிவிடுகின்றன. பாறைமீது விழுந்து நுரைத்தோடும் மலையாற்றில் ஒட்சிசன் மிகுதியாதலின் இவ்வேலை விரைந்து நடைபெறும். ஆயினும் எருமை இழுக்கும் சுமைக்கும் ஓர் அளவுண்டு. ஒரு வாளியைத் தாங்கும் ஆறு ஒரு நகரத்தைத் தாங்கமாட்டாது. அளவு மீறியவிடத்து ஒட்சிசன் தீர்ந்து, மீன் மடிந்து, நீர் கறுத்து நாற்றம் வீசத் தொடங்குகின்றது. கண்டி வாவியிலிருந்து வழிந்து நகரின் நடுவே ஓடி, கெட்டம்பையருகில் மகாவலியிற் சேரும் மெத எல என்னும் கால்வாய் பல்லாண்டுகளாக இந்நிலைக்கு ஆளாகியிருந்ததைக் கண்டிக்குச் சென்று வந்தோர் அறிவர்.

ஆறு பல மைல் தூரத்திற் செய்யும் வேலையைச் சில தொட்டிகளுக்குள் அடக்கி, ஒரு நாட்பொழுதிற் செய்து முடிப்பதே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். அந்நிலையத்தை இரவு பகலாகப் பேணுபவர் அதன் இயக்குநர். அவர் வேலை பொறித்தொழிலைப் போலத் தோன்றினும், உற்று நோக்குவார்க்கு அது ஒருவகைக் கமமே என்பது விளங்கும். கமக்காரர் மண்ணைப் பேணிப் பயிரை வளர்ப்பதுபோல, இவர் நீரைப் பேணி நுண்ணங்கிகளை வளர்க்கின்றார். இவருடைய பயிர் செழித்தாற்றான் கீழ்நிலத்துக் கமக்காரரின் வாய்க்காலில் வருவது நீராக இருக்கும்.

கன்னொறுவை நிலையம்

இலங்கையிலே வீடுகளிலிருந்து கழிவுநீரைக் குழாய் வழியே சேர்த்தெடுக்கும் வசதி மிகச் சில நகரங்களுக்கே உண்டு. கொழும்பு நகரின் குழாய் அமைப்பு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடப்பட்டது. இரத்மலானை, ஜா-எல ஆகிய இடங்களிற் பிற்காலத்தில் நிலையங்கள் எழுந்தன. மலைநாட்டாருக்கு அண்மையிலுள்ள பெரிய நிலையம், விவசாய ஆராய்ச்சியின் பொருட்டுக் கமக்காரர் முன்னரே அறிந்துள்ள கன்னொறுவையில் மகாவலிக் கரையோரம் அமைந்துள்ளது. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையினர், ஜப்பானிய அரசின் கடனுதவிக்கு 2010ஆம் ஆண்டில் ஒப்பந்தஞ் செய்து, கண்டி நகரின் கழிவுநீருக்கென இதனை அமைத்தனர். நாளொன்றுக்கு 14,000 கன மீற்றர், அஃதாவது ஒரு கோடியே நாற்பது இலட்சம் லீற்றர் நீரை ஏற்கத்தக்கதாக இது திட்டமிடப்பட்டது.

இங்கே கையாளப்படும் முறை ஒட்சியேற்ற வாய்க்கால் எனப்படும். ஓட்டப்பந்தயத் தடம்போல வளைந்து தன்னிலேயே வந்து முடியும் ஒரு வாய்க்காலிற் கழிவுநீர் சுற்றிச் சுற்றி ஓடுகின்றது. இயந்திரங்கள் நீரைக் கலக்கிக் காற்றை ஊட்டுகின்றன. இம்முறையை 1950களில் ஒல்லாந்து நாட்டிலே பாஸ்வீர் என்பவர் சிற்றூர்களுக்கு ஏற்ற எளிய முறையாக வகுத்தார். இதற்கு அடிப்படையான உண்மையை அதற்கு முன்னரே, 1914ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஆடன், லொக்கெற் என்னும் இருவர் வெளியிட்டிருந்தனர். கழிவுநீருக்குள் காற்றை ஊதி, அடியிற் படியும் சேற்றை எறிந்துவிடாது மறுபடி மறுபடி புதுக் கழிவுநீரோடு சேர்த்தபோது, துப்புரவாக்கும் வேலை பன்மடங்கு விரைந்து நடைபெறுவதை அவர்கள் கண்டனர். தயிருக்கு உறை வைத்துக் கொள்ளும் வீட்டார்க்கு இதில் வியப்பில்லை. நேற்றைய சேறு இன்றைய நீருக்கு உறையாகின்றது.

இயக்குநரின் ஒரு நாள்

நிலையத்திற்குள் வரும் கழிவுநீரில் ஆயிரத்தில் 999 பங்கு நீரே ஆகும். எஞ்சிய ஒரு பங்குதான் இத்தனை தொல்லைக்கும் காரணம். முதலிற் கம்பிச் சல்லடையிலே துணி, பிளாஸ்டிக், தேங்காய்த் தும்பு முதலியன தடுக்கப்படும். இவற்றை வாரி அகற்றுதல் அன்றாட வேலை. ஒரு நாள் தவறினும் நீர் மேலோங்கிப் பம்பிகளிற் சிக்கு விழும். அடுத்த தொட்டியில் மணல் படியும். மலையடிவாரத்து நகரங்களில் மழைக்காலத்தில் மணல் மிகுதியாக வருதலின், இத்தொட்டியைக் கவனியாது விடுபவர் ஆண்டுக்குள் பம்பியின் சுழலியைத் தேய்த்து அழித்துவிடுவர்.

அதன்பின் வருவதே காற்றூட்டும் வாய்க்கால். இயக்குநரின் திறமை முழுவதும் இங்கேதான் வெளிப்படும். அவர் முதலிற் கண்ணையும் மூக்கையும் பயன்படுத்துகின்றார். நல்ல நிலையிலுள்ள வாய்க்கால் நீர் கொக்கோப் பானம்போலக் கபில நிறமாயிருக்கும். நாற்றமின்றி, மழை பெய்த தோட்டத்து மண் வாசனையே வீசும். நீர் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் எழுமாயின் நுண்ணங்கிகளுக்குக் காற்றுப் போதவில்லை என்பது பொருள். வெண்ணிற நுரை பொங்கி மேலெழுமாயின் சேறு இளமையானது, தொகையிற் குறைந்தது எனக் கொள்வர். கருங்கபில நிறமான கொழுத்த நுரை படர்ந்தாற் சேறு முதிர்ந்துவிட்டது, அல்லது சமையலறை எண்ணெய் மிகுந்து வந்துள்ளது எனக் கொள்வர். பயிரின் இலை நிறங் கண்டு பசளைக் குறைவை அறியும் கமக்காரருக்கு இவ்வறிவு புதியதன்று.

கண்ணாற் கண்டதைக் கருவியால் உறுதி செய்தல் வேண்டும். நீரிற் கரைந்த ஒட்சிசனை அளக்கும் கருவியை வாய்க்காலில் இறக்கி, காற்றூட்டும் பகுதியில் லீற்றருக்கு 1 முதல் 2 மில்லிகிராம் வரை உள்ளதா என்று பார்ப்பர். குறைந்தால் நுண்ணங்கிகள் மூச்சுத் திணறும். மிகுந்தால் மின்சாரம் வீணாகும். சுத்திகரிப்பு நிலையத்தின் மின்செலவிற் பெரும்பங்கு இக்காற்றூட்டலுக்கே செல்வதால், சிக்கனமறிந்த இயக்குநர் நள்ளிரவில் வரவு குறையும்போது இயந்திரங்களின் ஓட்டத்தையும் குறைப்பார்.

அடுத்த சோதனை மிக எளியது. வாய்க்கால் நீரை ஒரு லீற்றர் கொள்ளும் கண்ணாடி உருளையில் நிரப்பி, அசையாது 30 நிமிடம் வைத்தல். சேறு அடியிலே படிந்து, தெளிந்த நீர் மேலே நிற்கும். படிந்த சேறு எத்தனை மில்லிலீற்றர் என்று குறித்து, அந்நீரிலுள்ள சேற்றின் நிறையால் வகுத்தால் ஒரு எண் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, படிந்தது 250 மில்லிலீற்றர், சேற்றின் நிறை லீற்றருக்கு 2.5 கிராம் எனின் எண் 100 ஆகும். 80க்கும் 150க்கும் இடைப்பட்டிருந்தாற் சேறு நன்கு படிகின்றது எனலாம். 200ஐத் தாண்டி ஏறுமாயின் நூல்போன்ற நுண்ணங்கிகள் பெருகிச் சேற்றைப் பஞ்சுபோல உப்பச் செய்துள்ளன. வயலிற் கோரை மண்டியதற்கு இதனை ஒப்பிடலாம். கோரையைப் போலவே இதுவும் ஒரே நாளில் ஒழிவதன்று. எவ்வாறு வந்தது என்று ஆராய்ந்து, காற்றையும் உணவையும் சீர்செய்து, சில கிழமைகள் பொறுத்திருத்தல் வேண்டும்.

உணவும் உண்பவரும் ஒத்திருத்தல் வேண்டும் என்பதே இத்தொழிலின் மூலவிதி. வரும் அழுக்குக்குப் போதிய நுண்ணங்கிகள் இல்லையாயின் நீர் துப்புரவாகாது. மிகையாயிருப்பின் அவை பசியால் மெலிந்து, உதிர்ந்து, கலங்கலாக வெளியேறும். ஆதலின், படிதல் தொட்டியிற் சேர்ந்த சேற்றின் பெரும்பகுதியை வாய்க்காலுக்குத் திருப்பி அனுப்பி, பெருகிய பகுதியை நாள்தோறும் அளந்து வெளியேற்றுவர். ஒட்சியேற்ற வாய்க்காலிற் சேறு சராசரியாக 15 முதல் 30 நாட்கள் வரை தங்குமாறு இவ்வளவு வகுக்கப்படும். நாற்றுமேடையிற் களைதலும் நிறுத்தலும் போன்றதே இது. எவ்வளவு எடுப்பது என்பதைப் புத்தகம் ஓரளவு சொல்லும். எஞ்சியதை அந்நிலையத்திற் பல மாதம் நின்றவரே அறிவர்.

மழை இவருக்கு அச்சந் தருவது. வைகாசி தொடங்கித் தென்மேற்குப் பருவமழை பொழியும்போது, மழைநீர் தவறான இணைப்புகளின் வழியே கழிவுநீர்க் குழாய்க்குள் புகுந்து வரவைப் பன்மடங்காக்கும். அவ்வெள்ளம் படிதல் தொட்டியின் சேற்றைக் கிளப்பி ஆற்றுக்குள் அள்ளிச் செல்லுமாயின், ஒரு மாதமாக வளர்த்த பயிர் ஒரு மணித்தியாலத்திற் போய்விடும். மழை இரவில் இயக்குநர் உறங்காது கண்விழித்திருப்பது இதனாலேயே. தீப்பொறிபோற் சிறு தவறும் இங்கே பெரிதாகும். குளிர்ச்சியும் ஓர் இடையூறே. அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றும் பற்றீரியாக்கள் மிக மெதுவாகப் பெருகுவன. குளிரில் அவற்றின் வேலை மேலும் தளரும். நுவரெலியா, கொட்டகலை போன்ற உயர்ந்த இடங்களில் நிலையம் அமைப்போர் கொழும்பின் கணக்கை அப்படியே கொண்டுவருதல் கூடாது.

இறுதியிற் குறிப்பேடு. வரவு எவ்வளவு, ஒட்சிசன் எவ்வளவு, எந்தப் பம்பி எத்தனை மணித்தியாலம் ஓடியது, சேறு எவ்வளவு வெளியேறியது என்பனவெல்லாம் எழுதப்படும். இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ் 2008ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்ற விதிகளின்படி, உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரில் உயிர்வேதி ஒட்சிசன் தேவை லீற்றருக்கு 30 மில்லிகிராமையும், தொங்கும் திண்மம் 50 மில்லிகிராமையும் மிஞ்சலாகாது. உயிர்வேதி ஒட்சிசன் தேவை என்பது நீரிலுள்ள அழுக்கைத் தின்று தீர்ப்பதற்கு நுண்ணங்கிகள் எவ்வளவு ஒட்சிசனைச் செலவிடும் என்னும் அளவு. வீட்டுக் கழிவுநீரில் இது பொதுவாக 200க்கு மேற்பட்டும் இருக்கும். இருநூறை முப்பதுக்குக் கீழ்க் கொண்டுவருதலே இயக்குநரின் அன்றாட அறுவடை.

தொழிலின் அபாயமும் மதிப்பும்

இத்தொழிலில் உயிரைக் கவரும் பகை ஒன்றுண்டு. மூடிய குழிகளிலும் பம்பிக் கிணறுகளிலும் தங்கும் ஐதரசன் சல்பைட்டு என்னும் வாயுவே அது. சிறிதளவில் அழுகிய முட்டைபோல நாறும். அளவு மிகுந்தவிடத்து மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, இனி இறங்கலாம் என்று எண்ணி இறங்குபவர் மீளார். அவரைக் காப்பாற்றக் குதிப்பவரும் மீளார். வாயுவை அளந்து, காற்றை ஊதி, கயிறு கட்டி, மேலே ஆள் நிறுத்தி, உரிய முகமூடியோடு பயின்றவர் மாத்திரமே இறங்கலாம். தோட்டத்து லயங்களின் பழைய மலக்குழிகளுக்கும் இவ்விதி பொருந்தும். குழிக்குள் ஒருவரும் இறங்கலாகாது. இந்தியாவில் மனிதர் கையால் மலம் அள்ளும் வேலையை 2013ஆம் ஆண்டுச் சட்டம் முற்றாகத் தடை செய்தது. ஆயினும் குழிகளில் நிகழும் சாவுகள் அங்கே இன்னும் ஓயவில்லை.

வேறொரு நோயைப் பற்றிக் கமக்காரர் அறிவர். எலியின் சிறுநீர் கலந்த நீரிலே நின்று வேலை செய்வோருக்கு வரும் எலிக்காய்ச்சல், நெல்வயலில் இறங்குபவரையும் கழிவுநீர்த் தொழிலாளரையும் ஒன்றாகவே தாக்குவது. காலில் வெட்டுக்காயத்தோடு சேற்றில் இறங்காதிருத்தல் இருவருக்கும் பொதுவான அறிவுரை.

ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் கொழும்பிலும் கண்டியிலும் மலவாளி சுமந்தன. ஊர் துப்புரவாயிருந்தது. சுமந்தவரை ஊர் தீண்டாதிருந்தது. இன்றும் சிலர் கழிவுநீர் நிலையத்து வேலை என்றதும் முகஞ் சுளிப்பதற்கு அப்பழைய நினைவே காரணம். சுளிப்பது அறியாமை. கருவி படித்தல், கணக்கிடல், இரசாயனம் கரைத்தல், மின்பொறி பேணுதல் ஆகிய யாவும் ஒருங்கே வேண்டப்படும் வேலை இது. கணிதமும் விஞ்ஞானமும் கற்ற தோட்டப்புறத்து இளைஞருக்கும் யுவதியருக்கும் ஏற்றது. கமத்திற் பழகிய கண் உடையோருக்கு மிகவும் ஏற்றது.

துப்புரவான நீர் எவ்வளவு துப்புரவானது?

கமக்காரர் இங்கே கருத்தூன்றிக் கவனித்தல் வேண்டும். நிலையத்திலிருந்து வெளியேறும் நீர் கண்ணாடிபோலத் தெளிந்திருக்கலாம். விதிகளுக்கு முற்றும் அமைந்திருக்கலாம். ஆயினும் நோய்க்கிருமிகள் யாவும் அதில் ஒழிந்துவிட்டன என்று கொள்ளலாகாது. அழுக்கைத் தின்னும் நுண்ணங்கிகள் கிருமிகளிற் பெரும்பகுதியைக் குறைக்குமேயன்றி முற்றாக நீக்கமாட்டா. குளோரின் இட்டபின்னும் குடற்புழு முட்டைகள் அழிவதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 1989ஆம் ஆண்டில் வகுத்த அளவின்படி, பச்சையாக உண்ணும் மரக்கறிக்குப் பாய்ச்சும் நீரில் 100 மில்லிலீற்றருக்கு 1,000 மலக் கோலிவடிவ பற்றீரியாக்களுக்கு மேலும், லீற்றருக்கு ஒரு புழு முட்டைக்கு மேலும் இருத்தலாகாது. 2006ஆம் ஆண்டில் அந்நிறுவனம் இதனை விரித்து, நீரை மாத்திரமன்றிப் பாய்ச்சும் முறை, அறுவடைக்கு முன் விடும் நாட்கள், கழுவுதல், சமைத்தல் என ஒவ்வொன்றையும் ஒரு தடையாகக் கொண்டு பல தடைகளை அடுக்குமாறு கூறிற்று.

ஆகவே, கழிவுநீர் நிலையத்தின் கீழேயுள்ள ஆற்றுநீரும், நிலையமே இல்லாத ஊரின் கீழேயுள்ள ஓயா நீரும், சலாதுக் கீரைக்கும் வல்லாரைக்கும் தலைமேல் ஊற்றத்தக்கன அல்ல. வல்லாரையைச் சமைக்காது சம்பலாகவே உண்பதால் அதற்குத் தனி எச்சரிக்கை தேவை. போஞ்சி, கோவா, உருளைக்கிழங்கு முதலியன சமைத்து உண்ணப்படுவன. இவற்றுக்கும் நீரை இலைமேல் தெளிக்காது வேரடியிற் பாய்ச்சுதல் நன்று. அறுவடைக்குச் சில நாட்கள் முன்னரே பாய்ச்சலை நிறுத்தினால், வெயிலும் உலர்வும் இலைமேலுள்ள கிருமிகளை நாளுக்கு நாள் குறைத்துவிடும். நீரை நேரே ஓயாவிலிருந்து எடுக்காது, ஒரு சிறு குளியில் ஓரிரு நாள் தேக்கி, அடியைக் கலக்காது மேல்நீரை எடுத்தாற் புழு முட்டைகள் அடியிற் படிந்துவிடும். நிலையத்தின் படிதல் தொட்டி செய்வதும் இதுவே. காசு செலவின்றி ஒரு மண்வெட்டியால் அமைக்கத்தக்கது.

மலைநாட்டிலே கரட்டை ஓயாவிற் கழுவி மூடையிடும் வழக்கம் பரந்துள்ளது. வயலில் துப்புரவாக விளைந்த கரட், சந்தைக்குப் போகும் வழியில் அழுக்காவது இவ்விடத்திலேதான். மண்ணை ஓயா நீரில் நீக்கினும், இறுதிக் கழுவலைப் பீலி நீரிலோ குழாய் நீரிலோ செய்தல் வேண்டும். 2007ஆம் ஆண்டிலே கம்பளைப் பகுதியிற் செங்கண்மாரி நோய் பெருகிப் பலரை வருத்தியதை அவ்வட்டாரத்தார் மறந்திரார். மலம் கலந்த நீரால் வரும் நோய் அது.

நெல்லுக்கு வேறு வகையான கவலை. கழிவுநீரிற் பசளைச் சத்து மிகுதி. ஒருவர் உடலிலிருந்து ஓராண்டில் வெளியேறும் நைதரசன் 4 முதல் 5 கிலோகிராம் வரையாகும். இது ஏறக்குறைய 10 கிலோகிராம் யூரியாவிலுள்ள நைதரசனுக்குச் சமம். சாதாரண நிலையம் இதன் ஒரு பகுதியையே நீக்கும். இத்தகைய நீர் பாயும் வயலில் வழக்கமான அளவு யூரியாவையும் இட்டாற் பயிர் கருகருவென்று வளர்ந்து, சாய்ந்து, எரிபந்த நோய்க்கு இரையாகிப் பதராகும். பயிரின் நிறங் கண்டு மேற்கட்டுப் பசளையைக் குறைத்தல் வேண்டும்.

பிறநாட்டார் இச்சத்தை வீணாக்காது பயன்படுத்தியதுண்டு. மதுரையில் அவனியாபுரத்துக் கழிவுநீர்ப் பண்ணையிலே நெடுங்காலம் மாட்டுக்குப் புல் வளர்த்தனர். மனிதர் நேரே உண்ணாத பயிராதலின் அது அறிவுடைய தெரிவு. கல்கத்தாவின் கிழக்கே ஏறக்குறைய 12,500 ஹெக்டேயர் பரப்புள்ள சதுப்பு நிலத்தில் நகரின் கழிவுநீரைக் குளங்களில் வெயில்படத் தேக்கி மீனும் நெல்லும் மரக்கறியும் விளைவிக்கின்றனர். 2002ஆம் ஆண்டில் அது ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. சென்னை கோயம்பேட்டிலோ 2019 முதல் கழிவுநீரை மிக நுண்ணிய சவ்வுகளின் வழியே வடித்துத் தொழிற்சாலைகளுக்கு விற்கின்றனர். குடிநீர் பஞ்சமுற்ற நகருக்கு அது பொருந்தும். மழை மிகுந்த கொட்டகலைக்கு அச்செலவு வேண்டியதில்லை.

சேறும் மலக்குழியும்

நிலையத்திலிருந்து வெளியேற்றப்படும் சேற்றைப் பசளையாக்கலாமா என்பது கமக்காரர் பெரும்பாலும் கேட்கும் வினா. ஆக்கலாம், ஆனால் அப்படியே அன்று. கீரைப்பூச்சி முட்டைகள் மண்ணிலே ஓராண்டுக்கு மேலும் உயிரோடிருக்கவல்லன. சேற்றை வைக்கோல், சருகு, மரத்தூள் முதலியவற்றோடு கலந்து கூட்டெருவாக அடுக்கி, குவியலின் உட்பாகம் 55 பாகை செல்சியசுக்கு மேற் பல நாட்கள் நிற்குமாறு புரட்டிப் புரட்டிப் பதப்படுத்தினாலே அவை அழியும். தொழிற்சாலைக் கழிவு கலந்த சேறாயின் ஈயம், கட்மியம் போன்ற உலோகங்கள் இருக்கலாம். அவற்றை வெப்பம் நீக்காது. சோதித்த சான்று இல்லாத சேறு மரக்கறி நிலத்துக்கு வேண்டாம்.

இவ்விடத்தில் ஒரு வழக்கத்தைக் கண்டித்துக் கூறுதல் அவசியம். மலக்குழி உறிஞ்சும் பவுசர் வண்டிகள் நகரிலிருந்து வந்து, தோட்டத்து ஓரத்திலோ மரக்கறி நிலத்திலோ காசின்றி ஊற்றிச் செல்ல முன்வருவதுண்டு. பசளை விலை ஏறிய காலத்தில் இது பெருஞ் சலுகைபோலத் தோன்றும். ஏற்றல் ஆகாது. அது நிலையத்தின் சேறுகூட அன்று, பதப்படாத மலமே. அதில் வளர்ந்த லீக்ஸின் மடிப்புகளுக்குள் ஒளிந்திருக்கும் முட்டைகளை எந்தக் குழாய் நீரும் கழுவி அகற்றாது.

பெரும்பாலான லயங்களிலும் வீடுகளிலும் மலக்குழியே உள்ளது. அங்கே இயக்குநர் இல்லை. மண்ணும் நேரமுமே அவ்வேலையைச் செய்கின்றன. ஆதலின் குழி பீலியிலிருந்தும் ஊற்றிலிருந்தும் குறைந்தது 30 மீற்றர் தள்ளி, அவற்றுக்குக் கீழ்ச்சரிவிலே அமைதல் வேண்டும். குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீற்றர் மேலே நிற்றல் வேண்டும். வெடிப்புள்ள பாறை நிலத்தில் இத்தூரமும் போதாது. வெடிப்பின் வழியே நீர் வடிகட்டப்படாமலே ஓடிவிடும். மலையில் வீடுகள் அடுக்கடுக்காக இருப்பதால், மேல் லயத்தின் குழி கீழ் லயத்தின் பீலிக்கு மேலே வந்துவிடுவது அரிதன்று. புதுக்குழி தோண்டுமுன் இரு லயத்தாரும் ஒன்றுகூடி நின்று சரிவைப் பார்த்தல் நன்று.

கானில் ஊற்றத் தகாதவை

இயக்குநர் வளர்க்கும் நுண்ணங்கிகளும், மலக்குழிக்குள்ளும் ஓயாவுக்குள்ளும் தாமாக வாழும் நுண்ணங்கிகளும் ஒரே இனத்தவை. ஒரே நஞ்சுக்கு மடிவன. உருளைக்கிழங்குக்குத் தெளிக்கும் செம்புக் கலவைப் பூஞ்சணக் கொல்லி, பூச்சிகொல்லி, களைகொல்லி ஆகியவற்றின் மிச்சத்தைக் கானில் ஊற்றுதல் அவற்றைக் கொல்லும். தெளிகருவியைக் கழுவிய நீரை மும்முறை சிறிது சிறிதாக எடுத்து, தெளித்த அதே நிலத்திலேயே தெளித்துவிடுதல் முறை. கடைகளினதும் விடுதிகளினதும் சமையல் எண்ணெய் குழாய்க்குள் உறைந்து கல்லாகும். கறைபோக்கும் குளோரின் கரைசலைப் போத்தல் போத்தலாக மலசலகூடத்தில் ஊற்றுதலும் தீதே. துப்புரவு மிகுந்தது போலத் தோன்றினும் மலக்குழியின் வேலை அதனால் நின்றுவிடும்.

ஓயா நீரைப் பாய்ச்சுபவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது, சிறப்பாகக் கோடைக் குறைநீரிலும் முதல் மழையிலும், அதனைச் சோதித்தறிதல் நலம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு, கிருமி நீக்கிய போத்தலைப் பெற்றுக் கொள்ளல் வேண்டும். போத்தலின் வாயை விரலால் தொடாது, நீரோட்டத்துக்கு எதிர்முகமாக அமிழ்த்தி நிரப்பி, மேலே சிறிது வெற்றிடம் விட்டு மூடி, பனிக்கட்டியிட்ட பெட்டியில் வைத்து, 6 மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தைச் சேருமாறு அனுப்புதல் வேண்டும். எடுத்த இடம், நாள், நேரம், முன்னைய நாள் மழை பெய்ததா என்பன போத்தலின் மேல் எழுதப்படுதல் வேண்டும்.